வாசிகசாலையில் ஒரு திமிங்கிலக் கதை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அக்கா கோணேசர் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தவ, அதை மறக்காமல் எழுதச் சொன்னவ. எங்கள் பக்கம் எல்லாரும் சுகம். சின்னவள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்திருக்கிறாள். கச்சான் காற்று இந்த முறை நேரத்தோடு தொடங்கிவிட்டது, பகலில் வெளியில் கால் வைக்க முடியவில்லை.

நான் வெள்ளிக்கிழமைகளில் வாசிகசாலையில் விஞ்ஞானச் செய்தி சொல்வதை மருமகன் சொல்லி அறிந்து சந்தோசப்பட்டிருக்கிறாய். அதோடு ஒரு குறையும் எழுதியிருக்கிறாய். இடையில் பகிடியும் ஊர்ப் பிரச்சினையும் எதற்கு, விஞ்ஞானத்தை விஞ்ஞானமாகச் சொன்னால் போதாதா என்று. ஆய்வுகூடத்திலேயே காலத்தைக் கழித்தவன் நீ, உனக்கு அந்தக் கவலை வரும். ஆனால் இதில் நான் உன்னோடு ஒத்துவர மாட்டேன் மச்சான்.

போன மாதம் நீலத் திமிங்கிலத்தைப் பற்றிச் சொன்னேன். உலகத்தில் இதுவரை வாழ்ந்த மிருகங்களிலேயே பெரியது, 30 மீற்றர் வரை வளரும், பங்குனி தொட்டு ஆவணி வரை எங்கட கடலிலேயே காணலாம். கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று போவதால் கரைக்குக் கிட்டவே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிறது என்பதையும் சொன்னேன். சனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த பெடியள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஆஷா டி வோஸ் கதைக்கு வந்தேன். எங்கட நாட்டுக் கடல் உயிரியலாளர். 2003இல் இலங்கையின் தெற்குக் கடலில் ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது ஆறு நீலத் திமிங்கிலங்களை ஒரே இடத்தில் கண்டவர். அவரைத் துள்ள வைத்தது திமிங்கிலம் மட்டுமில்லை, தண்ணீரில் செங்கல் நிறத்தில் மிதந்த அதன் பீ. இரை தின்ன வேறு கடலுக்குப் போகிறவை என்று எண்ணியிருந்த மிருகம் இங்கேயே தின்கிறது என்பதற்கு அது சாட்சி. இதைச் சொன்னதும் வாசிகசாலையே சிரித்தது. பெடியள் தலையை நிமிர்த்தினார்கள். அப்படி எதைத் தின்கிறது என்று ஒருத்தன் கேட்டான். 2018இல் வெளிவந்த ஆய்வுப்படி பெரும்பாலும் ஒரு வகைச் சின்ன இறால், நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற கூனியின் சொந்தக்காரன் என்றேன். கரைவலை இழுத்துக் கை மரத்துப்போன ஒரு ஐயா, "அப்ப எனக்கும் அதுக்கும் ஒரே கறிதான்" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தச் சிரிப்போடுதான் இரும்புச் சத்தின் கதையைச் சொன்னேன். கடலில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத தாவரங்களுக்கு இரும்பு வேண்டும், கடல் நீரில் அது மிகக் குறைவு. திமிங்கிலக் கழிவில் கடல் நீரைவிடக் குறைந்தது 1 கோடி மடங்கு இரும்பு இருப்பதாக அந்தாட்டிக் பக்கத்தில் அளந்திருக்கிறார்கள். அந்தத் தாவரங்களை நம்பித்தான் கூனி, கூனியை நம்பித்தான் மீன். ஐயா கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு, "அப்ப டைனமைட் போட்டால் இதெல்லாம் எங்க போகும் தம்பி?" என்றார்.

வாசிகசாலை அமைதியாகிவிட்டது. மீன் பிடிக்க வெடி போடுகிறவர்கள் யாரென்று எல்லாருக்கும் தெரியும், சிலருடைய சொந்தக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. ஆனாலும் விடியப்புறம் அந்தச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. வெடியில் காற்றுப்பை கிழிந்த மீன் நிறைய மிதக்காமல் அடியில் தாண்டுபோகும், குஞ்சும் சினையும் சேர்ந்து அழியும், பவளப் பார் உடையும் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். சொன்னது நானில்லை. கடலில் கண்டவர்கள் சொன்னார்கள். ஒருத்தர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த வெள்ளி அவரே வந்து முன்வாங்கில் இருந்தார். இந்தப் பகிடி இல்லாவிட்டால் ஐயா வாய் திறந்திருப்பாரா, அந்தப் பேச்சு நடந்திருக்குமா, நீயே சொல்லு.

எல்லாத்துக்கும் பகிடி சரிவராது என்பது எனக்கும் தெரியும். 2004 மார்கழி 26 பௌர்ணமி நாள் என்பது உனக்கு நினைவிருக்கும். அதனால் இன்றைக்கும் பௌர்ணமியில் கரை கொஞ்சம் வற்றினால் 'கடல் உள்வாங்குது' என்று குரல் பதிவுகள் பறக்கும். இந்த வருசமும் அப்படி ஓர் இரவில் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமை நான் பகிடி எதுவும் வைக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். நிலவு வற்றுப்பெருக்கைத்தான் இழுக்கும், சுனாமி சுமாத்திராவுக்குப் பக்கத்தில் 9.1 அளவு நிலநடுக்கத்தில் கடலடித் தரை பிளந்து தூக்கியதால் வந்தது, அலை எங்களிடம் வரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது என்று மெதுவாகச் சொன்னேன். 2012 சித்திரை 11இலும் அதே பக்கம் 8.6 அளவில் நடுங்கியது. அப்போது தரை பெரும்பாலும் பக்கவாட்டில் வழுக்கியதால் தண்ணீரைப் பெரிதாகத் தூக்கவில்லை. ஆனாலும் அந்த 2012இல் சனம் ஓடியது சரியான வேலை என்பதையும் சொன்னேன்.

அப்போது ஒரு அம்மா, "அண்டைக்கு நான் அடையாள அட்டையை விட்டிட்டு இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு ஓடினனான்" என்றா. முதலில் அவவே சிரித்தா. பிறகு எல்லாரும். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன: பையில் என்ன வைக்க வேண்டும், எந்தப் பாதையால் ஓட வேண்டும், செய்தி உண்மையா என்று யாரிடம் கேட்பது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் பெரிதாக எழுதிவிட்டோம்.

பகிடியால் விஞ்ஞானத்தின் மதிப்புக் குறையும் என்கிறாய். பௌதிகவியலாளர் ஆந்திரே கெய்ம் காந்தப் புலத்தில் தவளையை மிதக்கவிட்டதற்கு 2000இல் இக் நோபல் பரிசு வாங்கியவர், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பகிடிப் பரிசு அது. அதே மனிசன்தான் 2010இல் கிராஃபீன் என்ற, ஓர் அணுத் தடிப்பே உள்ள கரித் தாளுக்காக உண்மையான நோபலும் வாங்கினார். கேரளத்தில் இரண்டு பேர் யானையின் உடம்புப் பரப்பைக் கணக்கிட்டதற்கு 2002இல் அதே இக் நோபல் கிடைத்தது. யானை கணக்கைக் கேட்டு முதலில் எல்லாருக்கும் சிரிப்புத்தான். கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிற ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. யானையைப் பற்றி எதை அளந்தாலும் நல்லதுதான் என்றார். போன போகத்தில் அவருடைய வேலி போயிருந்தது.

இப்போது என் மனதில் கிடப்பது மான்கள். பஸ் நிலையத்தடியில் திரியும் புள்ளிமான்களை நீ மறந்திருக்க மாட்டாய். போன கிழமை ஒரு பெண்மானைக் கிட்ட நின்று பார்த்தேன். சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் ஒன்றைச் சோற்றோடு மென்றுகொண்டிருந்தது, பாதி வாய்க்குள், பாதி மஞ்சள் கறி வழிய வெளியே. இழுத்து எடுக்கப் போனேன், ஓடிவிட்டது. லஞ்ச் ஷீட்டுக்கு 2017 புரட்டாதி முதலாந் திகதியிலிருந்து தடை. இன்னும் கடைகளில் சுற்றிக் கொடுக்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம். வருகிறவர்கள் மானோடு நின்று படம் எடுத்துவிட்டு மிச்சச் சாப்பாட்டைப் பையோடு போடுகிறார்கள். மச்சான், எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஆவணிக்குள் வரப்பார், உன்னைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. நீ இரசாயனம் படித்தவன். பொலித்தீன் ஏன் மானின் வயிற்றில் செமிக்காது, அசைபோடுகிற மிருகத்தின் முதல் வயிற்றில் அது எப்படித் திரண்டு அடைத்துக்கொள்கிறது என்பதை வாசிகசாலைச் சனத்துக்கு விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. மாத முடிவுக்குள் வேண்டும், கடைக்காரர்களையும் அன்றைக்கு அழைத்திருக்கிறேன். பகிடியை எங்கே சேர்ப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டாளி