ஆள் வைத்துப் பார்க்க யாருக்குப் பணம்?

ஐயா, முன்னாள் ராணுவத்தினரை வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிதான் உண்மை. அப்படி ஒரு படி இருக்கிறது, 2017-ல் 4,500 ரூபாயை 6,750 ஆக்கினார்கள், ஆனால் பணியினால் 100 சதவீத ஊனம் என்று சான்று உள்ளவர்களுக்கு மட்டும். வயதாகிப் படுக்கையில் விழுந்த என் அப்பாவுக்கு 80 வயதில் 20 சதவீதம், 85 வயதில் 30 என்று ஏறிய கூடுதல் ஓய்வூதியம்தான். ராத்திரியில் திருப்பிப் படுக்கவைத்து டயப்பர் மாற்ற வேலைக்கு வைத்திருக்கும் அம்மாவின் சம்பளத்துக்கே அது பத்தவில்லை. அப்புறம் ஓய்வூதியம் நிற்காமல் வர வருஷா வருஷம் பதிய வேண்டிய உயிர்வாழ் சான்று வேறு. கைரேகை தேய்ந்தவர்களுக்கு மொபைலிலேயே முகத்தைக் காட்டிப் பதியலாம், சரி, அதைச் சொல்லித்தரக்கூட அலுவலகத்தில் ஆளில்லை. படுத்த படுக்கையான எல்லோருக்கும், காரணம் பார்க்காமல், அந்தப் படியைக் கொடுக்க வேண்டும்.

முன்னாள் படைவீரரின் மகள், வேலூர்