‘ஜெராக்ஸ்’ என்று சொல்லிவிட்டாயே, ஆத்தா

அன்புள்ள ஆத்தா,

உன் கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு நான் வருவதாக உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பதறிப்போவாய் என்று உன் அப்பாவிடமும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். “இராவணன் யார் நடுவர் அவர்களே? இரணியனின் ஜெராக்ஸ்!” என்று நீ கையை வீசிச் சொன்னபோது அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன். எங்கள் வீட்டுப் பிள்ளை மேடையில் நின்று கம்பனைப் பேசுகிறாளே என்று கண் நிறைந்துவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்து முகப்பில் உட்கார்ந்த பிறகு அந்த ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். கை தட்டியவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில், நீ சொன்னதில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். வரம் வாங்கிய கதை இருவருக்கும் ஒன்றுதான். இரணியன் மனிதராலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனான். இராவணனும் அதே வழியில் போய், மனிதர்களை மட்டும் ஒரு பொருட்டாகவே எண்ணாமல் விட்டுவிட்டான். இருவரும் தேவர்களை ஏவல் செய்ய வைத்தவர்கள். இருவரும் நல்லது சொன்னவர்களை விரட்டியவர்கள். வைகுண்டத்து வாயிற்காவலர்களான சயன், விசயன் சாபத்தால் முதலில் இரணியனாகவும் அவன் தம்பியாகவும், அடுத்து இராவணனாகவும் கும்பகருணனாகவும் பிறந்தார்கள் என்று புராணம் சொல்வதையும் நீ எடுத்து வைத்தாய். நல்ல வாதம்.

நீ சொல்லாமல் விட்ட ஒன்றையும் உன் பக்கத்துக்கே தருகிறேன். திசை யானைகள். இராவணன் அவற்றோடு மோதினான், அதனால் அவன் மார்பைக் கம்பன் ‘வாரணம் பொருத மார்பு’ என்கிறான். இரணியனோ இரண்டு திசை யானைகளை இரண்டு கையிலும் பிடித்து ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடுகிறான். முன்னவனுக்கு விளையாட்டாக இருந்தது பின்னவனுக்குப் போராக இருக்கிறது. பலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இராவணன் சின்ன அச்சுதான்.

உன் ஐயா, அதாவது என் அப்பா, எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த இரணியன் பாட்டு எது தெரியுமா? அவன் குளிக்கும் பாட்டு. ஆற்று நீர் கொஞ்சம் என்று அதில் இறங்க மாட்டான். மேகத்து நீர் குளிர்ச்சியில்லை என்று ஒதுக்குவான். கடல் நீர் உப்பு என்று படியமாட்டான். அப்புறம்? ‘அண்டத்தைப் பொதுத்து, அப்புறத்து அப்பினால் ஆடும்.’ அண்டத்தின் சுவரையே துளைத்து, அதற்கு வெளியே உள்ள நீரில் குளிப்பானாம். வீட்டு நடுமுற்றமான வளவில் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் விழுகிற மழைத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடிக்கிற ஊர் இது. ஊருணியில் கால் கழுவினால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்தப் பாட்டு எவ்வளவு பெரிய பிரமிப்பைத் தரும் என்று நினைத்துப் பார். அன்று இரவு முழுக்க நான் வானத்தில் ஓட்டை தேடினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வான்மீகத்தில் இல்லாத இந்தக் கதையைக் கம்பன் ஏன் யுத்த காண்டத்தில் கொண்டுவந்து வைத்தான்? நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாட்டு. திருவரங்கத்தில் அரங்கேற்றத்தின்போதே ‘மூலத்தில் இல்லையே’ என்று தடை எழுந்ததாகவும், அங்குள்ள நரசிம்மரான மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதாகவும் கதை உண்டு. நீ கவனிக்க வேண்டியது, அந்தக் கதையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பது. வீடணன் சொல்கிறான், இராவணன் கேட்கிறான். ‘ஈது ஆகும் முன் நிகழ்ந்தது’ என்று முடிக்கிறான் தம்பி.

அதாவது, தனக்கு முன்னால் தன்னைப்போலவே ஒருவன் இருந்தான், அவன் இப்படி வாழ்ந்தான், இப்படிச் செத்தான் என்பதை முழுசாக உட்கார்ந்து கேட்டவன் இராவணன். இரணியனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. யாரும் அவனுக்கு ஒரு முன்கதையைச் சொல்லி உட்கார வைக்கவில்லை. ஜெராக்ஸ் எந்திரத்துக்குள் போகிற தாளுக்குத் தன்மேல் என்ன விழப்போகிறது என்று தெரியாது, ஆத்தா. இராவணனுக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்தான்? இங்கேதான் கம்பன்மேல் எனக்குத் தீராத ஆச்சரியம். கதையில் இரணியன் இருக்கிறான், பிரகலாதன் இருக்கிறான், தூணைப் பிளந்த சிங்கம் இருக்கிறது. இராவணன் கண்ணுக்குப் பட்டது அந்தப் பிள்ளை மட்டும். தகப்பன் மார்பை மாயவன் பிளக்கும்போது மகிழ்ந்த மகனும், நம் பகைவனோடு நட்புக் கொள்கிற நீயும்தான் ஒருவருக்கொருவர் நிகர் என்கிறான். நான் தோற்ற பிறகு, இரணியன் மகனைப்போல, என் செல்வத்தை அடைந்து வாழலாம் என்பதுதான் உன் கருத்தா என்று கேட்கிறான். தம்பி ‘நீ இரணியன் ஆகிவிடாதே’ என்று சொல்ல வந்த கதையை, ‘நான் பிரகலாதன் ஆகப்போகிறேன்’ என்று சொன்னதாக எடுத்துக்கொண்டான். சொத்துத் தகராறு நடக்கும் வீடுகளில் பார்த்திருக்கிறேன். நல்லது சொல்ல வந்தவர் வாயைத் திறந்ததுமே, ‘இதில் உனக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் இது.

அவன் இரணியனைப் பின்பற்றவும் இல்லை, இரணியனிடமிருந்து பாடம் படிக்கவும் இல்லை. அவனைத் தாண்டிப் போகிற இடம் இதற்கு அப்புறம் வருகிறது. அதற்கு நீ இரண்டு தகப்பன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரணியனிடம் மகன் சொல்கிறான்: சாணிலும் இருக்கிறான், அணுவை நூறாகக் கூறுபோட்ட துகளிலும் இருக்கிறான், இந்தத் தூணிலும் இருக்கிறான், நீ சொன்ன சொல்லிலும் இருக்கிறான். தகப்பன் பதில் என்ன? ‘நன்று எனக் கனகன் நக்கான்.’ சிரிக்கிறான். தூணை அறைகிறான். ‘திசை திறந்து அண்டம் கீறச் சிரித்தது செங்கண் சீயம்.’ சிங்கம் எதிரே வந்து நின்ற பிறகும், இப்போதாவது வணங்கு என்று மகன் சொல்லும்போது, சிங்கத்தின் தோளையும் தாளையும் வெட்டி, ‘நின்னையும் துணித்து’ என் வாளைத்தான் வணங்குவேன் என்கிறான். மகளிர் ஊடிய நாளில்கூட வணங்கியறியாதவனாம். மறுபடி, ‘அண்டங்கள் நடுங்க நக்கான்’. கடைசி வரைக்கும் சிரிப்பு. உள்ளே ஒரு கீறல் இல்லை. அந்தச் சிரிப்புக்கு மேல் அவனுக்குள் போக வழியே இல்லை.

நம் பழைய சினிமாவில் பி. எஸ். வீரப்பா சிரிப்பாரே, அந்தச் சிரிப்பை எத்தனை வில்லன்கள் பின்னால் சிரித்துப் பார்த்தார்கள்! சத்தம் வந்தது, அந்த மனிதர் வரவில்லை. ஜெராக்ஸ் என்று நீ சொல்ல வேண்டியது அவர்களைத்தான்.

இப்போது இராவணனைப் பார். வேள்வி சிதைந்து, அடிபட்டு வந்து நிற்கிறான் இந்திரசித்து. அவனும் தகப்பனுக்கு எதிரான கருத்தைத்தான் சொல்கிறான். சீதைமேல் வைத்த ஆசையை விட்டுவிடு, அவர்கள் கோபம் தணிந்து போய்விடுவார்கள், ‘உன்மேல் காதலால் உரைத்தேன்’ என்கிறான். பிரகலாதன் நின்ற அதே இடம்தான். இராவணனும் சிரிக்கிறான், அதை நான் மறைக்கவில்லை. பல்லில் இளநிலா தோன்ற, தோள்கள் குலுங்கச் சிரிக்கிறான். மனிதனுக்குப் பயந்துவிட்டாயே என்றும் சொல்கிறான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வருகிற வார்த்தையைப் பார்: ‘வருந்தல், ஐய!’ வருந்தாதே ஐயா. அங்கே ‘நின்னையும் துணித்து’. இங்கே ‘ஐய’. மாற்றுக் கருத்து சொன்ன மகனைத் தகப்பன் அழைக்கிற விதத்திலேயே இரண்டு பேரும் பிரிந்துவிடுகிறார்கள்.

அதோடு விடவில்லை. செத்தவர்களோ மிச்சமிருப்பவர்களோ இந்தப் பகையை முடிப்பார்கள் என்று நம்பியும் இல்லை, நீ வென்று தருவாய் என்று நினைத்தும் இல்லை, ‘என்னையே நோக்கி யான் இந் நெடும் பகை தேடிக் கொண்டேன்’ என்கிறான். வெல்லாவிட்டாலும் இராமன் பெயர் நிற்கும்வரை என் பெயரும் நிற்கும் என்கிறான். தோல்வியை முன்னாலேயே கண்டுவிட்டவன் பேச்சு இது. இரணியன் வாயில் இந்த வரிகளை வைத்துப் பார், பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு இடம். முதல்நாள் போர். ‘இன்று போய் நாளை வா’ என்று அனுப்பப்பட்டு, வீரத்தையும் களத்தில் போட்டுவிட்டு ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’. வானம் சிரிக்கும், மண் சிரிக்கும், பகைவர் எல்லாம் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் அவன் வெட்கப்படவில்லை. ‘சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்.’ முன்னவன் சாகும்வரை பிறரைப் பார்த்துச் சிரித்தவன். இவன், ஒருத்தி சிரித்துவிடுவாளோ என்று கூசிப் போகிறவன். நாணம் என்ற ஒன்று அரக்கர்கோனுக்குள் நுழைந்துவிட்டது. இதை இரணியனிடமிருந்து எடுத்து எழுத முடியாது, ஏனென்றால் இரணியனிடம் அது இல்லை.

நான் இராவணனுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்காதே. அசோகவனத்தில் ஒரு பெண்ணைச் சிறை வைத்தவன் அவன். அதற்கு எந்த நாணமும் ஈடாகாது. சொல்லப்போனால் இரணியனைவிட இவன் குற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முன்னால் நடந்ததைக் கேட்டும், தம்பி சொல்லியும், மகன் சொல்லியும், தானே உணர்ந்தும் அவளை விடவில்லையே. வில்லனாக அவன் இரணியனைத் தாண்டி வளர்ந்தான், அந்த வளர்ச்சியே அவன்மேல் பழியைக் கூட்டுகிறது. இதை உன் எதிரணியும் சொல்லவில்லை. அவர்கள் இராவணனின் சிவபக்தியையும் இசையையும் சொல்லி நேரத்தைக் கழித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு பாட்டு. இந்திரசித்து விழுந்த பிறகு, தலையில்லாத உடலைக் களத்தில் தேடி எடுத்து, இராவணன் அழுகிறான்.

‘எனக்கு நீ செய்யத்தக்க கடன் எலாம், ஏங்கி ஏங்கி,
உனக்கு நான் செய்வதானேன்! என்னின் யார் உலகத்து உள்ளார்?’

சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவுக்கு உன் ஐயா ஒரு பங்குனியும் போகாமல் இருந்ததில்லை. மூன்று நாள் காரைக்குடி, அத்த நட்சத்திரத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை. நீ பிறந்தபோது கம்பன் சமாதி மண்ணைக் கொண்டுவந்து உன் நாவில் தொட்டு வைத்தவரும் அவர்தான். சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து யுத்த காண்டத்தை வரிசையாகச் சொல்லுவார், நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்போம். உன் பெரியப்பா போனபோது எனக்குப் பதினாறு வயது. அண்ணனுக்கு இருபத்திரண்டு. கொள்ளியை ஐயாதான் வைத்தார். ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி புத்தகத்தை எடுத்தார். அதற்கு அப்புறம் எத்தனையோ முறை யுத்த காண்டம் சொன்னார். இந்தப் பாட்டுக்கு முந்தின பாட்டு வரை வருவார். ஒரு நிமிஷம் பேசாமல் வளவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பிறகு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். உன் அப்பத்தா உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தமும் அந்த நேரம் நின்றுவிடும்.

அந்தப் புத்தகம் இப்போது உன் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும், பார்த்து எடு. பங்குனி உத்திரத்துக்கு வரும்போது கொண்டு வா. அந்தப் பாட்டை நீ வாய்விட்டுப் படி, நான் முகப்பில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை
காரைக்குடி