அருணின் புது வேலை

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். லதாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

உன் பிள்ளை அருண் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, சொந்த ஓஎஸ் (அதாவது போனையே இயக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதப்போகும் போன் கம்பெனியில் சேரப்போகிறானாமே. "சாம்சங்கே தொடாததை இவர்களா செய்யப்போகிறார்கள்?" என்று நீ அவனிடம் கேட்டாயாம். சாம்சங் தொட்டதடா! 2010-இல் பாடா என்று ஒரு ஓஎஸ், அப்புறம் டைசன் என்று இன்னொன்று. முதல் டைசன் போனான இசட்1 2015 ஜனவரியில் நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது, 5,700 ரூபாய்க்கு. யார் கையிலாவது பார்த்தாயா? இப்போது டைசன் டிவிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

காசும் ஆளும் இருந்தால் ஓஎஸ்ஸை எழுதிவிடலாம். மாட்டிக்கொள்வது ஆப்பில்தான். போன் விற்காவிட்டால் ஆப் எழுத ஆள் வராது, ஆப் இல்லாவிட்டால் போன் விற்காது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்குச் சரியான யூடியூப் ஆப்பை கூகுள் தரவேயில்லை. பொறுத்துப் பார்த்து மைக்ரோசாஃப்டே ஒன்றை எழுதியது, 2013-இல் கூகுள் அதையும் முடக்கிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி!

கூகுளின் ஓஎஸ்ஸான ஆண்ட்ராய்டோ சும்மா கிடைக்கிறது. ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. 2012-இல் ஏசர் சீனாவில் அலிபாபாவின் அலியுன் ஓஎஸ் போட்ட போனை வெளியிட இருந்தது. கூகுள் முறைத்ததும் விழாவையே ரத்து செய்துவிட்டது.

சீனாவின் ஹுவாவே கம்பெனி சொந்த ஓஎஸ் எழுதி ஜெயிக்கவில்லையா என்பான் அருண். 2019-இல் அமெரிக்கா தடை போட்டு கூகுள் ஆப்களைப் பிடுங்கிய பிறகு அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. தவிர, சீனாக்காரர்கள் எப்போதோ கூகுள் இல்லாமல் வாழப் பழகிவிட்டார்கள். அப்படியும் ஆண்ட்ராய்டு ஆப்பைச் சேர்க்காத ஹார்மனி, அதாவது அவர்களுடைய ஓஎஸ், வர 2024 ஆகிவிட்டது. ஐந்து வருஷம் சம்பளம் கொடுக்க ஹுவாவேயிடம் பணம் இருந்தது, அருண் சேரும் இடத்தில் இருக்கிறதா? அவன் தலையில் வீட்டுக்கடன் வேறு. எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, சேகர்.

போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் நாளைக்கே போய்ச் சேருவான், உன் பிள்ளையாயிற்றே. எந்த வங்கி அவர்களுக்கு ஆப் எழுதித்தரச் சம்மதித்திருக்கிறது என்று விசாரிக்கச் சொல். பாதிப் பேர் ஆண்ட்ராய்டுக்கே புதுச் சட்டை மாட்டி, சொந்தப் பேர் வைத்துவிடுகிறார்கள். இவர்களும் அந்த ரகம் என்றால் தாராளமாகச் சேரட்டும், சம்பளம் ஒழுங்காக வரும்.

அன்புடன்,
முரளி