இ-பாஸில் இல்லாத காரணம்

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு,

வணக்கம். கரூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் மெடிக்கல் வைத்திருக்கிறோம். டி.பார்ம் படித்தது நான், கல்லாவில் உட்காருவது அவர். 2020 மார்ச் 24 சாயங்காலம் கொரோனாவுக்காக 144 போட்ட பிறகு எங்கள் வரிசையில் நாள் முழுக்கத் திறந்திருந்த ஒரே கடை எங்களுடையது. அங்கே பார்த்ததைச் சொல்லி, அடுத்த ஊரடங்கு உத்தரவில் ஒரு வரி சேர்க்கக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏப்ரல் நடுவில் ஒரு பெண் மாமியாரின் பழைய மருந்துச் சீட்டோடு வந்தாள். பிரஷருக்கு அம்லோடிபின். "ரெண்டே ரெண்டு மட்டும் வெட்டிக் குடுங்கக்கா" என்றாள். கையில் காசில்லை போல என்று கத்தரியை எடுத்தேன். ஒரு நாள் விட்டு மறுபடி வந்தாள், மறுபடி ரெண்டு. மூன்றாம் தடவை, "காசு அப்புறம் குடு, அட்டையாவே எடுத்துட்டுப் போ" என்றேன். "அட்டையா வாங்கிட்டா, அப்புறம் வெளிய வர என்னத்தைங்கக்கா சொல்றது?" என்று கேட்டாள். மாஸ்க்கை இறக்கினாள். கீழுதடு கிழிந்திருந்தது.

முக்கில் போலீஸ் மறித்தால் காட்ட அந்தச் சீட்டு. வீட்டில் காட்ட அந்த ரெண்டு மாத்திரை. புருஷன் வேலை பார்த்த பஸ் பாடி பட்டறை மூடிக் கிடந்தது, ஆள் இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில். அவள் போன் அவன் சட்டைப் பையில். எங்கள் கடை போனில்தான் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் இருக்கும் அம்மாவிடம் பேசுவாள். பெண்கள் உதவி எண் 181 என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். ஒற்றை அறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு போன் போடுவது?

டாஸ்மாக் மூடியாச்சு, இனி அடி குறையும் என்றார் என் வீட்டுக்காரர். கடை மூடிக் கிடந்த அந்த நாற்பத்துச் சொச்சம் நாளும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். மே மாதம் டாஸ்மாக்கைத் திறந்தபோது கூட்டம் சேராமல் இருக்க டோக்கன் கொடுத்தீர்கள், தடுப்பு கட்டினீர்கள். குடிக்கப் போகிறவனுக்கு அவ்வளவு யோசித்தவர்கள்தானே நீங்கள்.

அதே மே மாதம் கடை கம்ப்யூட்டரில் அவளுக்காக, மாவட்டம் தாண்டிப் போக அனுமதி கேட்கும் இ-பாஸ் பக்கத்தைத் திறந்தேன். திருமணமா, இறப்பா, மருத்துவ அவசரமா என்று கேட்டது. பத்திரிகையோ சான்றிதழோ டாக்டர் சீட்டோ இணைக்கச் சொன்னது. எதைப் போட என்று திரும்பிப் பார்த்தேன். "யாராவது செத்தாத்தான் போக முடியுங்களாக்கா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அம்மா வீடு ஒன்றரை மணி நேரப் பயணம், ஆனால் வேறு மாவட்டம். ஜூனில் மாவட்டங்களை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்குள் மட்டும் பஸ் விட்டபோது பார்த்தால் கரூர் ஒரு மண்டலம், திண்டுக்கல் இன்னொன்று.

இடையில் ஒரு நாள் காவல் நிலையத்துக்கு நானே போன் போட்டேன். எல்லாரும் செக்போஸ்ட் டியூட்டியில் இருக்கிறார்கள், இந்த நேரத்தில் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்றார் எடுத்தவர். அந்த ஏட்டு மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த உத்தரவில் இவளுக்கு ஒரு வரி இல்லை.

அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன். வீட்டில் அடி உதைக்குப் பயந்து வெளியேறுகிறவரை எந்தத் தடையும் கட்டுப்படுத்தாது, அவருக்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை என்று அடுத்த ஊரடங்கு உத்தரவில் முதல் நாளே இருக்க வேண்டும். முடியாத காரியமில்லை. இங்கிலாந்தில் 2020 மார்ச் 26 அன்று போட்ட விதிகளிலேயே, ஆபத்திலிருந்து தப்பிக்க வீட்டைவிட்டு வெளியேறலாம் என்று இருந்தது. நீங்களும் 2021இல் பயணத்துக்கு இ-பதிவு கொண்டுவந்து திருமணம் என்ற காரணத்தை நீக்கினீர்கள், மறுபடி சேர்த்தீர்கள். நினைத்தால் பட்டியலை மாற்றலாம் என்றுதானே அர்த்தம்?

சட்டம் இல்லாமலும் இல்லை. நீங்கள் ஊரடங்கு போடும் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 2005, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் 2005. அடிக்கிறவனை வீட்டைவிட்டு வெளியேற்றவே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பஸ் ஓடாத ஊரில், அந்தச் சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர் இருக்கும் மாவட்டத் தலைநகரத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

ஒருத்தி கதையை வைத்துப் பேசுகிறேன் என்று தோன்றலாம். தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 16 வரை வந்த குடும்ப வன்முறைப் புகார் 239. அதற்கு முந்தைய 25 நாளில் 123. இவை புகார் அனுப்ப முடிந்தவர்களின் கணக்கு. ஊரடங்கால் பாதியில் நின்று பிறகு தொடர்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்களை இப்போதெல்லாம் அந்தக் கணக்கோடுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று, என் தொழில் சம்பந்தப்பட்டது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் 2020 ஊரடங்கின்போது, வீட்டில் அடி வாங்குகிற பெண் மருந்துக்கடையில் போய் "மாஸ்க் 19" என்று கேட்டாலே போதுமாக இருந்தது, கடைக்காரர் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவார். பிரான்சும் அதைப் பின்பற்றியது. நம் நாட்டிலேயே ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், மளிகைக் கடையையும் மருந்துக்கடையையும் பெண்கள் புகார் சொல்லும் இடமாக்கலாம் என்று 2020 ஏப்ரலில் சொன்னது. எங்களைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்போம்? ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு நாங்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசவும் வண்டி அனுப்பவும் ஒரு ஆள் இருக்க வேண்டும். அது இல்லாமல் கடைவாசலில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டச் சொன்னால், அதை முதலில் படிக்கப்போவது அவள் புருஷன்.

2020 செப்டம்பர் 7 அன்று மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். அந்த வாரம் அவள் மாத்திரைக்கு வரவில்லை. மாமியார்தான் அதே சீட்டோடு வந்தார், அட்டையாக வாங்கிக்கொண்டு போனார். நான் எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கரூர் மாவட்டத்து மருந்துக்கடைக்காரி ஒருத்தி