எடை ஏறவில்லை என்றால் உடனே பவுடர் பாலா?

ஆசிரியருக்கு,

கைக்குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு பற்றிய கட்டுரையைப் படித்தேன். எந்த அளவுகோலை வைத்து அளக்கிறோம் என்பது மட்டும் அதில் விடுபட்டுவிட்டது.

வயதுக்கேற்ப குழந்தையின் எடையும் நீளமும் எவ்வளவு இருக்கும் என்று காட்டும் வளர்ச்சி வரைபடங்களில், பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டது 1977இல் அமெரிக்காவில் உருவானது. அதற்காக அளக்கப்பட்ட கைக்குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குழந்தையோ முதல் இரண்டு மூன்று மாதம் மளமளவென்று எடை போடும், அப்புறம் வேகம் தணியும். இந்த இயல்பான தணிவு அந்த வரைபடத்தில் குறைபாடாகத் தெரிந்தது. என் மகளுக்கு நாலாம் மாதத்தில் 'பால் போதவில்லை, பவுடர் கொடுங்கள்' என்றார்கள். குழந்தையோ சிரித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தாள்!

2006இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 6 நாடுகளின் குழந்தைகளை அளந்து, தாய்ப்பாலையே இயல்பாகக் கொண்ட வரைபடத்தை வெளியிட்டது. சரி, அதற்காகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மெலிவே வராது என்று இருந்துவிடவும் கூடாது. பிறந்ததும் சற்றுக் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் மீளாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வரைபடத்தில் குழந்தையின் எடைக்கோடு தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிந்தாலோ கவனிக்க வேண்டும். ஒரு நாள் எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் தவறு. நீளத்தையும் அளந்து, அதற்கேற்ற எடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புட்டியை எடுக்கும் முன், குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி