திங்கட்கிழமை பூட்டிய கலைக்கூடங்களைக் காட்டிய உங்கள் ‘நவீனக் கலை உலா’ குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் வழிகாட்டியுடன் கூடிய உங்கள் இரண்டு நாள் சிங்கப்பூர்க் கலை உலாத் திட்டத்தில் 14 பேருக்குப் பணம் கட்டியிருந்தோம். ரசீதும் நீங்கள் அனுப்பிய பயணத் திட்டமும் இந்தக் கடிதத்துடன் இருக்கின்றன. தொலைபேசியில் சொல்லியாயிற்று, வாட்ஸ்அப்பில் சொல்லியாயிற்று, மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. கேட்டால் ஒருவர் ஆபரேஷன்ஸ் பிரிவைக் கைகாட்டுகிறார், ஆபரேஷன்ஸ் பிரிவு முன்பதிவுப் பிரிவைக் கைகாட்டுகிறது, அங்கே போனால் “கம்ப்ளைன்ட் நம்பர் என்ன?” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

திட்டத்தை உருவாக்கியவர்கள் நீங்கள்தான். ஆகவே கில்மன் பேரக்ஸ் கலைக்கூட வளாகம் எப்போது திறந்திருக்கும், எப்போது மூடியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அதை உங்கள் அட்டவணையில் திங்கள் காலை பத்து மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். அங்கே இருப்பவை தனியார் கலைக்கூடங்கள், படங்களை விற்றுப் பிழைப்பவை. வாங்குபவர்களும் பார்ப்பவர்களும் சனி ஞாயிறுகளில்தான் அதிகம் வருவார்கள். அதனால் வார இறுதியில் திறந்துவைத்துவிட்டுத் திங்களன்று ஓய்வெடுப்பார்கள், அல்லது பழைய காட்சியை இறக்கிப் புதியதை மாட்டுவார்கள். இது இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். செவ்வாய்க்கிழமை போனால்கூட முற்பகல் பதினொன்றுக்கு முன்னால் கதவு திறப்பது அரிது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கூடம் பல நாள் மூடியே கிடக்கும். சிலவற்றை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுத்தான் பார்க்க முடியும். ஆகவே போகிற வாரத்திலேயே ஒவ்வொரு கூடத்துக்கும் போன் போட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தானே உங்களுக்குப் பணம் கொடுக்கிறோம்?

பேருந்து எங்களை லாக் ரோட்டில் இறக்கிவிட்டது. 1936ல் ஆங்கிலேயப் படைக்காகக் கட்டிய வெள்ளைக் கட்டடங்கள், மேடும் இறக்கமுமான பாதை. கலைக்கூட வளாகமாக 2012 செப்டம்பரில்தான் திறந்தார்கள். முதல் கூடத்தின் கண்ணாடிக் கதவில் நேர அட்டை ஒட்டியிருந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை மணி எழுதி, அதன் கீழே திங்களும் பொது விடுமுறையும் மூடப்பட்டிருக்கும் என்று கையளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கில்லை. சுவரோரம் மரப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. உங்கள் வழிகாட்டி அந்த அட்டையைப் படித்துவிட்டு “அடுத்தது திறந்திருக்கும்” என்று நடந்தார். அடுத்ததும் பூட்டு, அதற்கடுத்ததும் பூட்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களைக் கொளுத்தும் வெயிலில் அந்த மேட்டில் ஏற்றி, மாலன் ரோடு 43ஆம் புளோக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் திட்டத்தில் ‘நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சமகாலக் கலை நிலையம், கண்காட்சிக் கூடம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கண்காட்சிக் கூடம் 2021 மார்ச்சிலேயே மூடியாயிற்று! எத்தனை வருடமாக இந்தத் தாளைத் திருத்தாமல் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்?

இதற்கு ரசீதில் ‘கலைக்கூட நுழைவு’ என்று தலைக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்தக் கூடங்கள் யாரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம், அவ்வளவுதான். இல்லாத கட்டணத்தைப் பூட்டிய கதவுக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

அங்கிருந்தே உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் தமிழில்தான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அங்கிள், படம் பார்க்கிறதுக்கு இவ்வளவு டென்ஷன் ஆகலாமா? மூடியிருந்தா வெளியே நின்னு ரெண்டு போட்டோ எடுத்துக்குங்க. சுவர்ல மாட்டுன படந்தானே, எங்கே பார்த்தா என்ன?” நான் மேலதிகாரியிடம் கொடுக்கச் சொன்னேன். “அவரும் இதையேதான் சொல்வார்” என்று வைத்துவிட்டார். கலை உலா விற்கிற நிறுவனத்தின் ஊழியர் பேசுகிற பேச்சா இது? ஊரிலிருந்து இதற்காகவே வந்த உறவினர்கள் மூன்று பேர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சிங்கப்பூரில் இப்படித்தான் பேசுவார்கள்போல என்று அவர்கள் நினைத்துக்கொண்டு போக வேண்டுமா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் இந்தப் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்பு வந்தாக வேண்டும். அழைப்பு பதிவாகிறது என்று உங்கள் இயந்திரக் குரலே சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள்.

என் ஆதங்கம் என்னவென்றால், இரண்டு நாள்களையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலே போதும். தேசிய கலைக்கூடம் தினமும் காலை பத்து முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கிறது. சிங்கப்பூர் கலை அரும்பொருளகமும் அப்படியே. அவற்றைத் திங்களில் வைத்து, கில்மன் பேரக்ஸைச் செவ்வாய் மதியத்துக்குத் தள்ளியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. திங்கள் என்றால் அரசுக் கூடங்கள், செவ்வாய்க்குப் பிறகு தனியார் கூடங்கள். இந்த ஊரில் கலை பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மாறாகச் செவ்வாயன்று என்ன நடந்தது? உங்கள் தாளில் கலை அரும்பொருளகத்தின் முகவரி 71, பிராஸ் பசா ரோடு. ஓட்டுநர் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பழைய செயின்ட் ஜோசப்ஸ் பள்ளிக் கட்டடத்தில் 1996ல் அரும்பொருளகம் திறந்தது உண்மைதான். ஆனால் மேம்பாட்டுப் பணிக்காக அது 2019லிருந்து மூடியிருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து காட்சிகள் நடப்பது 39, கெப்பல் ரோட்டில், தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில். அது துறைமுகக் கிடங்கு. கூரை உயரம், தளம் கனம் தாங்கும், சரக்கு லிஃப்ட் உண்டு. சமகாலக் கலைஞர்கள் செய்கிற பிரம்மாண்டமான நிறுவல் படைப்புகள் பழைய பள்ளி வகுப்பறைக்குள் அடங்காது, அங்கே அடங்கும். காட்சி அறைகள் தரைத்தளத்திலும் மூன்றாம் தளத்திலுமாகப் பிரிந்திருக்கின்றன. இதைச் சொல்லாவிட்டால் கீழே பார்த்துவிட்டு முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். ஒருவழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு அதுதான் நடந்தது. சுற்றிலும் கன்டெய்னர் லாரிகள் போய்வருகிற இடம், பெரியவர்களை வாசலிலேயே இறக்கிவிட வேண்டும். தஞ்சோங் பகார் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடத்திக் கூட்டிப்போகிற தூரம் அவர்களுக்கு ஆகாது. அதே கட்டடத்தில் கஜா கேலரி போன்ற தனியார் கூடங்களும் இருக்கின்றன. முந்தைய நாள் பறிகொடுத்ததில் கொஞ்சத்தையாவது அங்கே ஈடுகட்டியிருக்கலாம். உங்கள் வழிகாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தாலும் நேரம் இல்லை, பிராஸ் பசாவில் தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதில் காலை முழுக்கப் போய்விட்டது.

வழிகாட்டி பற்றியும் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் கட்டணத்துக்கு வழிகாட்டக்கூடாது, அட்டையை வெளியே தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். இவர் கழுத்தில் அட்டை இல்லை, கேட்டும் கடைசிவரை காட்டவில்லை. தமிழ் வழிகாட்டி என்று விற்றீர்கள், வந்தவர் வணக்கம் மட்டும் தமிழில் சொன்னார். தேசிய கலைக்கூடத்துக்குள் நுழைந்ததும் “ரொம்ப பழைய மியூசியம்” என்றார். அது 2015 நவம்பர் 24ஆம் தேதி திறந்த கூடம் ஐயா! பழமையானவை அதன் கட்டடங்கள்: 1929ல் முடிந்த நகர மண்டபம், 1939ல் முடிந்த உச்ச நீதிமன்றம். 1945ல் ஜப்பானியப் படை சரணடைந்த சடங்கு நடந்தது இந்த நகர மண்டபத்தில்தான். அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு கழிவறை எங்கே என்று காட்டினார்.

64,000 சதுர மீட்டர் கூடத்துக்கு நீங்கள் ஒதுக்கியது ஒன்றேகால் மணி நேரம். முதலில் நகர மண்டபப் பக்கம் சிங்கப்பூர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, மேல்மாடியில் இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் பாலம் வழியாக நீதிமன்றப் பக்கம் போய்த் தென்கிழக்காசியப் பகுதியைப் பார்ப்பதுதான் கால் வலிக்காத வழி. சுவா மியா டீயின் 1959ஆம் ஆண்டு ஓவியத்தில் சீன இளைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். அந்த ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று பேசினால் சுயாட்சி பெற்ற ஆண்டின் சிங்கப்பூர் முழுவதும் விளங்கும். ராடன் சாலேயின் 1849ஆம் ஆண்டுக் ‘காட்டுத்தீ’ ஓவியம் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், நான்கு மீட்டர் அகலம். நெருப்பு புலிகளைப் பாறை விளிம்புக்குத் துரத்துகிற அந்தப் படத்தைப் பின்னால் தள்ளிநின்று பார்க்க வேண்டும். எங்களை அதற்கு முன்னால் ஓட்டமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓவியத்துக்காக உள்ளே குளிரையும் ஈரப்பதத்தையும் மாறாமல் வைத்திருப்பார்கள், வயதானவர்களுக்குச் சால்வை வேண்டும் என்றுகூட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடத்திலேயே தொண்டூழியர்கள் இலவசமாக நடத்தும் வழிகாட்டிச் சுற்று இருக்கிறது. அதில் சேர்த்துவிட்டிருந்தாலும் எங்களுக்கு லாபம்.

உங்கள் விளம்பரத்தில் ‘இந்தியக் கலைஞர்கள் சிறப்புப் பார்வை’ என்று வேறு இருந்தது. கோ ஈ சூ, சாலே ஜாப்பார் இருவருடன் சேர்ந்து எஸ். சந்திரசேகரன் 1988ல் நடத்திய ‘திரிமூர்த்தி’ கண்காட்சி பற்றி ஒரு சொல் கிடையாது. 2017ல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படிக்குத் தங்கத்தாள் ஒட்டி ஊரையே பேசவைத்த பிரியகீதா தியா பற்றியும் கிடையாது. திங்களன்று கூடங்கள் மூடியிருந்தபோது, குமாரி நாகப்பன் செய்த பெரிய மிளகாய்ச் சிற்பத்தைத் தேசிய அரும்பொருளகத்திலும், ஜாதிக்காய்ச் சிற்பத்தை அயன் ஆர்ச்சர்டு வாசலிலும் காட்டியிருக்கலாம். ஆர்ச்சர்டு வாசலுக்குச் சீட்டும் வேண்டாம், விடுமுறையும் இல்லை. எங்கள் உறவினர்கள் ஊரில் போய்ச் சொல்வதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். இப்போது அவர்களுக்குக் கலை என்றாலே வெறுத்துவிட்டது. இந்த வயதில் இன்னொரு முறை அவர்களால் வர முடியாது, வாழ்நாள் வாய்ப்பு போனது போனதுதான்.

திங்கள் பிற்பகல் கலை அறிவியல் அரும்பொருளகத்தில் எங்கள் சீட்டுக்குரிய நேரமும் தவறிப்போனது. அது அவர்கள் குற்றமில்லை, நேரம் சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. கில்மனில் உங்கள் ஆள் போனில் பேசிக்கொண்டிருந்ததால் வந்த தாமதம்.

கணக்கைப் பாருங்கள். தலைக்கு 148 வெள்ளி. அதில் பேருந்து 40, வழிகாட்டி 38, அரும்பொருளக நுழைவு 30, கில்மன் 15, கலை அறிவியல் அரும்பொருளகம் 25. குழுவில் 11 பேர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். தேசிய கலைக்கூடத்திலும் கலை அரும்பொருளகத்திலும் அவர்களுக்குப் பொது நுழைவு இலவசம். அடையாள அட்டையைக் காட்டினால் போதும், அப்படித்தான் உள்ளே போனார்கள். ஆகவே அவர்களிடம் வாங்கிய நுழைவுக் கட்டணம் 330 வெள்ளி. கில்மன் நுழைவு 14 பேருக்கு 210. தவறிய சீட்டுகளுக்கு 350. திங்கட்கிழமைக்கான பேருந்து, வழிகாட்டிக் கட்டணத்தில் பாதி, தலைக்கு 39 வீதம் 546. மொத்தம் 1,436 வெள்ளி. நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன ‘அடுத்த உலாவுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி’ எங்களுக்கு வேண்டாம்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. நல்லபடியாகத் தீர்த்துவைத்தால் இத்துடன் விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் பணம் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு, அதாவது ‘கேஸ்’ அமைப்புக்கு, போவேன். வழிகாட்டி உரிமம் பற்றிப் பயணத்துறைக் கழகத்துக்குத் தனியாக எழுதுவேன். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். ரசீது, பயணத் திட்டம், கதவில் ஒட்டியிருந்த நேர அட்டையின் படம் மூன்றும் கைவசம் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அந்தத் திட்டத் தாளை இன்றைக்கே இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த திங்களுக்கு அதில் இன்னமும் முன்பதிவு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், இப்போதுதான் பார்த்தேன். அந்தக் குழுவுக்காவது நாளை மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
14 பேர் குழுவின் ஒருங்கிணைப்பாளர்