மைனாவுக்கு, மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு பீலிக் கடிதம்

அன்பின் மைனா,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் வழமைபோல. அண்ணனுக்கு என் வணக்கம். சின்னவன் சோதனை எப்படி எழுதினான் என்று சொல்லு. ஆடி அமாவாசைக்கு வரவில்லை என்று நீ கோபிக்கவும் முடியாது, நான் கோபிக்கவும் முடியாது, உனக்குத் திருக்கோவில் தீர்த்தம், எனக்கு மாமாங்கத் தீர்த்தம், இரண்டையும் ஒரே நாளில் வைத்த முன்னோரைத்தான் கேட்கவேண்டும். சரி, மரியாதையெல்லாம் முடிந்தது.

வைகாசியில் நீ கேட்ட கேள்விக்குப் புரட்டாதியில் பதில் எழுதுகிறாளே என்று திட்டாதே. 'கூரை ஏறுது, பீலி போடவா விடவா' என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அந்த நேரம் எங்கள் வீட்டுக் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கிற பீலியே நைலோன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உனக்கு என்ன புத்தி சொல்வது? இப்போது வேலை முடிந்துவிட்டது. போனில் சொன்னால் 'சோறு பொங்குது, வை' என்பாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து வாசி.

போன கார்த்திகையில் டித்வாப் புயல் வந்த கிழமை, முன்பக்கப் பீலி நடுவில் பிளந்து ஒரு பாதி விறாந்தைத் தூணில் சாய்ந்தது. காற்றுக் கழற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னோம். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு வீசியதெல்லாம் அம்மாவுக்குக் காற்றே இல்லை. 'அண்டைக்குத் தென்னந்தோட்டமே படுத்திட்டு, இது என்ன காத்து? பீலி முதலே பழுது, காத்து ஒரு சாட்டு' என்றார். வழமைபோல யாரும் காதில் போடவில்லை.

அந்தப் பீலி ஒழுகத் தொடங்கிய காலம் உனக்கும் தெரியும், வாசற்படிக்கு நேர் மேலே மூட்டு, மழை விட்ட பிறகும் வருகிறவர்களின் உச்சந்தலையில் சொட்டும். செங்கலடி அத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத்தோடு ஒரு சிலிக்கன் குழாயும் கொண்டுவந்து ஏணியில் ஏறிப் பூசிவிட்டுப் போவார். ஈரமும் பாசியும் இருக்கிற இடத்தில் சிலிக்கன் பிடிக்காது என்று அவருக்கு யார் சொல்வது? முதல் மழைக்கு ஓரம் கிளம்பும், இரண்டாம் மழைக்குப் பழையபடி சொட்டும், அடுத்த தீபாவளிக்குப் பழைய சிலிக்கனுக்கு மேலேயே புதுச் சிலிக்கன். கடைசியில் பீலியை விட சிலிக்கன் கனம். (இதை அத்தானிடம் கொண்டுபோய்ச் சொல்லிவிடாதே, நீயும் அவரும் சேர்ந்து முறுக்குச் சட்டியைக் கவிழ்த்த கதையை நானும் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.)

மறுகா, ஆனியில் பீலி போடுகிற இரண்டு தம்பிமார் வந்து பார்த்தார்கள். தட்டினார்கள், படம் எடுத்தார்கள், முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போடவேண்டும் என்று ஒரு விலை சொன்னார்கள். இவர் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிணற்றடிக்குப் போனார். அப்போதுதான் எனக்குத் தச்சுவேலை செய்கிற நம் ஓடாவியார் ஞாபகம் வந்தது. நம் ஹொஸ்டல் கட்டிலுக்குக் கால் போட்டவர், அவரேதான். இன்னும் சைக்கிள், இன்னும் காதில் பென்சில்.

மனிசன் வந்தவுடன் என்ன செய்தார் தெரியுமா? பீலியைத் தொடவே இல்லை. அறுந்த பாதியைக் கயிறு போட்டுப் பழைய மட்டத்துக்கு இழுத்துக் கட்டச் சொன்னார், ஒரு வாளி தண்ணீர் கேட்டார், ஏணியில் ஏறி வடக்கு மூலையில் மெதுவாக ஊற்றினார், அதில் ஒரு வேப்பிலையைப் போட்டார். என்னையும் மற்ற ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னார். இலை ஆறேழு அடி நன்றாகத்தான் போனது. பிறகு வேகம் குறைந்தது. நடுப்பகுதிக்கு வந்ததும் நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, வந்த வழியே கொஞ்சம் திரும்பியும் வந்தது. கீழ்க்குழாய் இருக்கிற தெற்கு மூலைக்குப் போகவே இல்லை. 'பாத்தீங்களா டீச்சர், மூட்டு ஓட்டை ரெண்டாவது வருத்தம். முதல் வருத்தம் வயிறு' என்றார்.

வயிறுதான். பீலியைத் தாங்குகிற பிராக்கற்றுகளை நாலடிக்கு ஒன்றாக அடித்திருந்தார்கள், இரண்டடிக்கு ஒன்று வேண்டுமாம். ஐந்து அங்குலப் பீலி நிறைந்து நின்றால் அடிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ தண்ணீர். எங்கள் முன்பக்கம் முப்பது அடி, அப்படியென்றால் அறுபது கிலோ, ஒரு நெல் மூடையை ஏழெட்டு ஆணியில் தொங்கவிட்டதுபோல. நடு இறங்குகிறது, இறங்கினால் இன்னும் தண்ணீர் நிற்கிறது, நின்றால் இன்னும் இறங்குகிறது. அந்தப் பாரம் மூட்டை இழுக்கிறது, மூட்டு வாயைத் திறக்கிறது. அத்தான் பூசியது அந்த வாய்க்கு.

வெயில் செய்கிற வேலை வேறு. பி.வி.சி. சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அது இருபத்தைந்து பாகை சூடேறினால் முப்பது அடிப் பீலி அரை அங்குலம் வளரும். வளர இடம் வேண்டும். எங்களுடையதை இரண்டு தலையிலும் பசை வைத்து இறுக்கி, பிராக்கற்றிலும் ஆணி அடித்து நகரமுடியாமல் பண்ணியிருந்தார்கள். பின்னேரமானால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அம்மா அதைப் பல்லி சொல்லுது என்று நினைத்து அந்த நேரம் யார் என்ன பேசினார்களோ அதற்குப் பலன் சொல்லுவார். என் இடமாற்றம் கிடைக்காது என்று பல்லி சொன்னதாக ஒரு பின்னேரம் முழுக்க அழுதது உனக்கு எழுதியிருந்தேனே, அது பல்லியே இல்லை, சுருங்குகிற பீலி!

கழற்றிப் பார்த்தால் பீலிக்குப் பின்னால் கூரை விளிம்பில் அடித்திருந்த வலன்ஸ் பலகை இன்னொரு சோகம். முன்னால் பெயின்ற் பளபளப்பு, பின்னால் கறையான் தின்று விரல் வைத்தால் உள்ளே போகிறது. அதில்தான் பிராக்கற் முழுக்க நின்றிருக்கிறது. ஆணி எல்லாம் துரு, கல்லடியில் கடற்காற்றுக்குச் சாதாரண ஆணி எத்தனை நாளைக்கு? ஓடாவியார் பழைய முதிரைப் பலகை ஒன்றைத் தேடிப்பிடித்து, எல்லாப் பக்கமும் எண்ணெய் பூசி, ஸ்டெயின்லெஸ் ஸ்குரு ஆணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். காசு கூடத்தான். இவர் முனகினார். நான் விடவில்லை.

தண்ணீர் ஓடுகிற சரிவுக்கு வாட்டம் பிடித்த விதத்தைத்தான் நீ பார்த்திருக்கவேண்டும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் ஒன்றைச் சுவர் நீளத்துக்குப் பிடித்து இரண்டு பக்கமும் மட்டம் பார்த்துக் கோடு போட்டார், பிறகு பத்து அடிக்குக் கால் அங்குலம் இறங்குகிற மாதிரி நூல் கட்டினார். அதற்கு மேல் சரித்தால் கீழே நின்று பார்க்கக் கோணலாகத் தெரியும், குறைந்தால் தண்ணீர் நிற்கும். அதோடு நடுவை உச்சியாக வைத்து இரண்டு பக்கமும் இறக்கிவிட்டார், மூலைக்கு ஒன்றாக இரண்டு கீழ்க்குழாய். மூட்டில் சூட்டுக்கு இடைவெளி விட்டு ரப்பர் போட்டார். பழைய பீலியில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே திரும்பப் பயன்பட்டது! தம்பிமாரின் கடதாசி இன்னும் இவர் சட்டைப்பையில் கிடக்கிறது, துவைத்துத் துவைத்து.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் பிடித்திருக்கிறது, பஸ்ஸில் போனால் முகத்தைப் பார்ப்பதில்லை, வீட்டுத் தாழ்வாரத்தைப் பார்க்கிறேன். ஆரையம்பதியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரை எந்த வீட்டுக்கு வயிறு விழுந்திருக்கிறது என்று கேள், சொல்லுவேன். நம் 'நெட்டைக் கணக்கு' டீச்சர் வீட்டுப் பீலியில் ஒரு ஆலங்கன்று முழங்கை உயரம் வளர்ந்து நிற்கிறது, அவரிடம் யார் போய்ச் சொல்வது, நீ வந்தால் உன்னைத்தான் அனுப்புவேன்.

இனி எழுதுவதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டாதே.

நம்மூரில் பாதிப் பேர் பீலியே வேண்டாம் என்று கழற்றி எறிகிறார்கள், நீயும் அதைத்தான் யோசிக்கிறாய் என்று தெரியும். காரணம் நுளம்பு. இந்த மாசியில் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் மகளுக்கு டெங்கு. உனக்குத் தெரிந்த பிள்ளைதான், போனமுறை உன் கைப்பையைத் திறந்து பொட்டு எல்லாம் எடுத்து ஒட்டிக்கொண்டதே, அது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இரத்தத் தட்டு இறங்கி இறங்கிப் போய், ஒரு இரவு நாங்கள் யாரும் படுக்கவில்லை. கடவுள் புண்ணியம், தப்பிவிட்டது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்தக் கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. ஐயா, வளவு வளவாக வந்தார். அந்தப் பிள்ளை வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் நுளம்புக் குடம்பி இருந்தது, கயிற்றில் தொங்கிய எங்கள் பீலியில் நின்ற தண்ணீரிலும் இருந்தது. நுளம்பு பெருகுவதைத் தடுக்க 2007 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வழக்கே போடலாம், எச்சரித்துவிட்டுப் போனார். எந்த வீட்டு நுளம்பு கடித்தது என்று யாராலும் சொல்லமுடியாது மைனா. ஆனால் அவர் போன பிறகு அந்தப் பிள்ளையின் தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் தாழ்வாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு சொல்லும் இல்லை. முன்பு முருங்கைக்காய், கீரை, எது என்றாலும் வேலிக்கு மேலால் வரும். அதோடு நின்றது.

2017 இல் இலங்கையில் டெங்கு 180,000 பேருக்கு மேல் வந்ததே, அப்போது செய்தியாகத்தான் வாசித்தேன். இந்த நுளம்பின் முட்டை காய்ந்த பீலியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்குமாம், மழை விழுந்து நனைந்ததும் பொரித்து, ஒரு கிழமை பத்து நாளில் பறந்துவிடும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணியில் நிற்கிறேன், அம்மா கீழே நின்று கந்தசஷ்டி சொல்கிறார்.

அப்படியென்றால் கழற்றிவிடலாமே என்பாய். நானும் யோசித்தேன். ஆனால் நம் மண் மணல். கூரையில் இருந்து நேரே விழுகிற தண்ணீர் சுவர் ஓரமாகக் கிடங்கு தோண்டும், மணல் தெறித்துச் சுவர் அடியில் பெயின்ற் பொரிந்து விழும், ஒரு மாரி போனால் அத்திவாரக் கல் பல்லை இளிக்கும். இங்கே வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை, பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். எங்கள் முன்பக்கக் கூரை மட்டும் 450 சதுர அடி, அதில் விழுவது வருடத்துக்கு 65,000 லீற்றரைத் தாண்டும். அது எங்கே போகும்? எங்கள் வளவில் தாழ்வு பக்கத்து வீட்டுப் பக்கம்தான். பீலியைக் கழற்றினால் நுளம்புக்குப் பதில் வெள்ளத்தை அனுப்புகிறேன் என்றாகும். ஆகவே, வாட்டம் சரியாக, தண்ணீர் நிற்காமல் போட முடியுமென்றால் போடு. ஏறிக் கழுவ ஆள் இல்லை என்றால் போடாதே, தாழ்வாரத்தை இன்னும் நீட்டிக் கீழே சல்லிக் கல் கொட்டு. நடுவில் ஒன்று கிடையாது.

ஓடாவியார் அந்தப் பக்கக் கீழ்க்குழாயை வேலியில் இருந்து தள்ளி, கல்லும் உடைந்த ஓடும் போட்ட குழிக்கு இறக்கியபோது நானே போய்க் கூப்பிட்டுக் காட்டினேன். 'இனி உங்கட பக்கம் வராது தங்கச்சி' என்றேன். 'ம்' என்றாள். ஏணி எட்டவில்லை என்று ஓடாவியார் சொல்ல, அவள் புருஷன் தங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். முருங்கைக்காய் இன்னும் வரவில்லை. நானாகப் போய் உட்கார்ந்து கதைக்கவேண்டுமா, இல்லை விட்டுவிடுவதா? நீதான் இப்படியான விஷயத்தில் கெட்டிக்காரி, எழுது.

உன் வீட்டு விஷயம் ஒன்று. கூரைக்காரர் வலன்ஸ் பலகை அடிக்கும் முன்னமே பார், ஓட்டின் நுனி பலகைக்கு வெளியே இரண்டு அங்குலம் நிற்கவேண்டும். குறைந்தால் தண்ணீர் பலகைக்குப் பின்னால் போகும், கூடினால் வேகமாக வருகிற மழை பீலியைத் தாண்டிக் குதிக்கும். பின்னால் இருக்கிற இரண்டு தென்னையையும் மறக்காதே, குரும்பட்டியும் பூவும் குழாய் வாயில் போய் அடைத்தால் மேலே சொன்ன அத்தனையும் வீண், வாய்க்கு ஒரு கம்பிக்கூடு வை. அண்ணனை நாடாவோடு ஏற்றிக் கூரையின் நீளம் அகலம் அளந்து அனுப்பு, கீழ்க்குழாய் எத்தனை என்று ஓடாவியாரிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் கொப்பித் திருடி

பி.கு. ஓடாவியார் உன்னை விசாரித்தார். 'அந்தக் கட்டிலை முறிச்ச பிள்ளை எங்க இப்ப?' என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை, முகவரியைத்தான் கொடுத்தேன்.